ஜாதிக்காய்: சாமிக்கு ஒரு சிட்டிகை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், நகர்ப் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேக ஏற்பாடுகளைப் பற்றிப் பேசியபோது ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

கும்பாபிஷேகத்துக்குப் பூஜைச் சாமான் வாங்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். குருக்கள் எழுதிக் கொடுத்த பட்டியலைப் போன வாரம் நம் நகர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மஞ்சள், குங்குமம் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு வரிக்குத்தான் கேள்வி வந்தது. "ஜாதிக்காய் 100 கிராம் எதுக்கு? அது பிரியாணிக்குப் போடறதுதானே?"

கேட்டவர் கேலியாகக் கேட்கவில்லை. கோயில் கணக்கில் ஒவ்வொரு ரூபாயும் நீங்கள் கொடுத்தது. கேட்க வேண்டியதுதான். குழுவில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே பேசுகிறேன் என்று தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பட்டியலில் உள்ள அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் ஒருமுறை பெரிய விபரீதம் நடக்க இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

முதலில், சாமிக்கு ஜாதிக்காய் எதற்கு?

உங்கள் வீட்டுக்கு வெயிலில் நடந்து ஒரு பெரியவர் வருகிறார். என்ன செய்வீர்கள்? கால் கழுவத் தண்ணீர் கொடுப்பீர்கள். கை அலம்பத் தண்ணீர், வாய் கொப்பளிக்கத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர். பிறகு சாப்பாடு. முடிந்ததும் வெற்றிலை பாக்கு. நம் கோயில் பூஜை முழுக்க இந்த வரிசைதான். கால் கழுவும் நீர் பாத்யம், கைக்குக் கொடுப்பது அர்க்கியம், வாய் கொப்பளிக்கக் கொடுப்பது ஆசமனீயம். பதினாறு உபசாரம் என்று எண்ணுகிறோமே, அதில் இவையெல்லாம் அடக்கம். பெருமாள் கோயிலில் சன்னதியில் சின்னச் சின்ன வட்டில்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வட்டிலும் ஒவ்வொரு தண்ணீருக்கு.

ஜாதிக்காய் இதில் வருகிற இடம் ஆசமன நீர். வாய் கொப்பளிக்கிற தண்ணீர் மணமாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஜாதிக்காய், லவங்கம், தக்கோலம் என்று மூன்றைச் சேர்த்துச் சொல்வது பழைய பூஜை நூல்களில் வருகிற பட்டியல். சாரதா திலகம் என்ற நூலில் இந்த மூன்றும் இருக்கின்றன. நூலுக்கு நூல் ஏலம், பச்சைக் கற்பூரம் என்று கூடும், குறையும்.

அடுத்தது தாம்பூலம். சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குப் பஞ்சவாசம் என்ற சொல் தெரிந்திருக்கும். வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் ஐந்து மணப்பொருள்கள்: தக்கோலம், ஏலம், இலவங்கம், கற்பூரம், சாதிக்காய். அரண்மனையில் மென்றதைத்தான் அம்பாளுக்கும் கொடுத்தார்கள். லலிதா சகஸ்ரநாமத்தில் அம்பாள் தரித்திருக்கும் கற்பூர வீடிகை, அதாவது மணத் தாம்பூலம், பற்றி ஒரு நாமம் உண்டு. அதற்கு பாஸ்கரராயர் எழுதிய உரையில் அந்தத் தாம்பூலத்தில் சேரும் பொருள்களில் ஜாதிக்காயும் வருகிறது.

மற்ற இடங்கள் உங்களுக்கே தெரியும். கும்பத்து நீரில் ஏலம், லவங்கம், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, பச்சைக் கற்பூரம் போடுவார்கள். தீர்த்தப் பொடியிலும் இதே கூட்டம். சர்க்கரைப் பொங்கலில் கடைசியில் துளி உரசிப் போடுவோம். ஹோமத்தில் பூர்ணாகுதிப் பட்டுத்துணி மூட்டையில் மற்றச் சரக்குகளோடு ஒன்றிரண்டு காய் போகும். கணபதி ஹோமத்து அஷ்டதிரவியத்தில் மட்டும் தேடாதீர்கள். அதில் மோதகம், அவல், பொரி, சத்துமாவு, கரும்பு, கொப்பரை, எள், வாழைப்பழம்தான். பிள்ளையாருக்குப் பிடித்தது தின்பண்டம்!

இந்தக் காய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

நம் பொன்னமராவதிச் செம்மண்ணில் ஜாதி மரம் வராது. அதற்கு நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், மழை வேண்டும். அதன் தாய்வீடு இந்தோனேசியாவில் மொலுக்காஸ் பக்கம் இருக்கும் பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக்கூட்டம். உலகத்துக்கே ஜாதிக்காய் பல நூறு ஆண்டுகள் அங்கிருந்துதான் போனது. கப்பல் கப்பலாகக் கை மாறித்தான் நம் கோயில் வட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கடல் வழி நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி. சுமத்திராவில் கற்பூரத்துக்குப் பேர் போன பாரூஸ் பக்கத்தில், ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088ஆம் ஆண்டில் வைத்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதே ஐந்நூற்றுவர் பெயர் சொல்லும் கல்வெட்டு நமக்குப் பக்கத்திலேயே பிரான்மலைக் கோயிலில் இருக்கிறது. மிளகு, பாக்கு, சந்தனம், அகில் என்று எந்தச் சரக்குக்கு எவ்வளவு கோயிலுக்குத் தர வேண்டும் என்று வணிகர்கள் கூடி முடிவு செய்து வெட்டி வைத்தது. அடுத்த தடவை பிரான்மலை போனால் சாமி கும்பிட்டுவிட்டுச் சுவரையும் பாருங்கள்.

சாமிக்குத் தண்ணீரை மணக்க வைப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டில் திருமஞ்சன நீருக்காக ஏலவரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சை வேர் வாங்கப் பணம் வைத்தது எழுதியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே, தண்ணீரில் என்ன விழ வேண்டும் என்று பெயர் சொல்லிக் கல்லில் வெட்டினார்கள். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பண்டாத் தீவுகளின் கதை துயரமானது. ஜாதிக்காய் வியாபாரம் தங்கள் கையை விட்டுப் போகக்கூடாது என்று 1621இல் டச்சுக் கம்பெனிப் படை அந்தத் தீவுகளைப் பிடித்தது. மக்களில் பெரும்பகுதியினர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் இறந்தார்கள், அடிமைகளாகப் பிடித்துப் போகப்பட்டார்கள். 1667இல் பிரெடா உடன்படிக்கையில் அங்கே ரன் என்ற ஒரு குட்டித் தீவு டச்சுக்காரர்களுக்கு, அமெரிக்காவில் மன்ஹாட்டன் ஆங்கிலேயர்களுக்கு என்று முடிவானது. இன்றைய நியூயார்க் நகரத்தின் நடுப்பகுதிதான் அந்த மன்ஹாட்டன்.

1796இல் ஆங்கிலேயர்கள் பண்டாவைப் பிடித்த பிறகு கன்றுகளைப் பினாங்குக்குக் கொண்டுபோனார்கள். நம் நாட்டில் குற்றாலத்திலும் 1800ஐ ஒட்டிக் கம்பெனித் தோட்டத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் வைத்தார்கள். இன்று நம் நாட்டு ஜாதிக்காயில் பெரும்பகுதி கேரளத்தில் விளைகிறது. கன்னியாகுமரி, குற்றாலம், நீலகிரி பர்லியாறு, பொள்ளாச்சித் தென்னந்தோப்பு ஊடுபயிர் என்று தமிழ்நாட்டிலும் உண்டு. பினாங்கு என்றதும் இங்கே சில பெரியவர்கள் தலையாட்டுகிறீர்கள். வேந்தன்பட்டி, வலையபட்டி, மேலச்சிவபுரி வீடுகளில் கொண்டுவிக்கப் போனவர்கள் திரும்பும்போது ஜாதிக்காய்த் தைலம் கொண்டு வந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆக, 100 கிராம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஒரு காய் சுமார் 5 கிராம் வைத்தால் 100 கிராம் என்பது 20 காய். யாகசாலைக் கும்பங்கள், ஹோமம், தீர்த்தப் பொடி, தாம்பூலம் எல்லாவற்றுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம்தான் வரும்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்தது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சொந்தக் கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகம். அங்கேயும் சாமான் வாங்கும் வேலை எனக்குத்தான். இரண்டு பட்டியல் கொடுத்தார்கள். ஒன்று தீர்த்தப் பொடிக்கும் கும்பத்துக்கும். இன்னொன்று அஷ்டபந்தனத்துக்கு. அஷ்டபந்தனம் என்றால் சாமி சிலையைப் பீடத்தோடு சேர்த்து ஒட்டும் மருந்து. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கு. இடித்து இடித்து மெழுகுப் பதத்துக்குக் கொண்டு வருவார்கள்.

நான் என்ன செய்தேன்? இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் என் கையெழுத்தில் சுருக்கி எழுதிக்கொண்டேன். "சாதிக்." என்று ஒரு வரி, "சாதிப." என்று ஒரு வரி, "சாதிலி." என்று ஒரு வரி. ஒரே கடையில் கொடுத்தேன். கடைப் பையனும் என் தாளைப் பார்த்துப் பொட்டலத்தின் மேல் "சாதி", "சாதி", "சாதி" என்று பால்பாயிண்டில் எழுதி ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நான் எழுதிக் கொடுத்த லட்சணம் அப்படி.

வீட்டில் என் மனைவி தீர்த்தப் பொடி அரைக்க உட்கார்ந்தாள். ஏலக்காய், லவங்கம் எடுத்து வைத்தாள். ஒரு "சாதி" பொட்டலத்தைப் பிரித்தாள், காய் இருந்தது. இன்னொன்றைப் பிரித்தாள், செக்கச்செவேல் என்று தூள். ஜாதிபத்திரி சிவப்பாகத்தானே இருக்கும், தூளாகவே கொடுத்துவிட்டான் போல என்று நினைத்து மிக்ஸி ஜாரில் கொட்டக் கையை ஓங்கியவள், அப்படியே நிறுத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இதுல வாசனையே இல்லையே? கையில கனமா வேற இருக்கு."

வந்து பார்த்தேன். சாதிலிங்கம்.

உங்களில் பலருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். சிலைக்கு அடியில் மருந்தாக இருக்க வேண்டியது. மனிதன் வயிற்றுக்குப் போகக் கூடாதது. சித்த மருத்துவத்திலும் முறையாகச் சுத்தி செய்த பிறகே மருந்தாக்குவார்கள். அது தீர்த்தப் பொடியில் கலந்திருந்தால்? கும்பாபிஷேகத்தன்று முதல் வரிசையில் கை நீட்டுவது யார்? குழந்தைகள்தான்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குறுக்கே வந்து காப்பாற்றியது என் படிப்போ அனுபவமோ இல்லை. அவள் மூக்கு. சாமிக்கு மணத்துக்காகப் போடும் பொருள், மணக்கவில்லை என்றால் அது வேறு எதோ என்று அவளுக்குத் தோன்றியதே, அதுதான்.

அதனால் பெயர்களைத் தெளிவாகச் சொல்கிறேன். சாதி என்று எழுதினாலும் ஜாதி என்று எழுதினாலும் ஒன்றுதான். ஆனால் அந்தச் சொல்லில் தொடங்கும் பொருள் நான்கு.

ஜாதிக்காய்: விதை. பழுப்பு நிறம், உருண்டை, கெட்டி.

ஜாதிபத்திரி: அதே விதையின் ஓட்டின் மேல் வலைபோலச் சுற்றியிருக்கும் சிவந்த சதை. காய்ந்ததும் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஆகும். இதழாகவே வாங்குங்கள், தூளாக வேண்டாம்.

ஜாதிமல்லி: பூ. வடமொழியில் வெறுமனே ஜாதி என்றால் இந்த மல்லிகைதான். அர்ச்சனைப் பட்டியலில் ஜாதி புஷ்பம் என்று இருந்தால் காயைத் தேட வேண்டாம்.

சாதிலிங்கம்: பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள். சிவப்பு, கனம், வாசனை கிடையாது. சமையலறைக்குள்ளேயே வரக்கூடாது.

இதோடு ஒரு ஐந்தாவதும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் காட்டு ஜாதிக்காய். விஷமில்லை, ஆனால் நீளமாக இருக்கும், மணம் இருக்காது. அதன் பத்திரியை நல்ல பத்திரியோடு கலந்து விற்பது பழைய தந்திரம். இதற்கும் மூக்குதான் பரிசோதனை.

அடுத்து அளவு.

நல்ல ஜாதிக்காயே ஆனாலும் அளவு மீறினால் ஆபத்து. ஒரு முழுக் காயின் பொடியை, அதாவது 5 கிராம் அளவு, ஒருவர் விழுங்கினால் சில மணி நேரத்தில் குமட்டல், வாய் வறட்சி, நெஞ்சுப் படபடப்பு, மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது வரை போகலாம். குழந்தைக்கு இதைவிடக் குறைவே போதும். பச்சிளங்குழந்தை தூங்குவதற்கு ஜாதிக்காய் உரசிக் கொடுக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்ய வேண்டாம். உரசும்போது எத்தனை சுற்று போனது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது.

தீர்த்தத்தில் பயமில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போடுங்கள். ஏலக்காய் 20 கிராம், லவங்கம் 5 கிராம், ஜாதிக்காய் அரைக் காய், ஜாதிபத்திரி ஒரே ஒரு இதழ், பச்சைக் கற்பூரம் மிளகளவு. எல்லாம் பொடித்தால் 28, 29 கிராம் வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிராம், அதாவது ஒரு சிட்டிகை. அதில் ஜாதிக்காய் சுமார் 22 மில்லிகிராம்தான். ஓர் உத்தரணித் தீர்த்தம் 5 மில்லி என்றால், உங்கள் கையில் விழுவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. மணம் தெரியும், வேறொன்றும் செய்யாது. வாய் கொப்பளிக்கும் தண்ணீருக்கு அவ்வளவு போதும் என்று முன்னோர் வைத்த அளவு சரியான அளவு.

கற்பூரத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஆரத்திக்கு ஏற்றும் சூடம் வேறு, தீர்த்தத்தில் போடும் பச்சைக் கற்பூரம் வேறு. சூடத்தைத் தெரியாமல் தின்ற சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். பச்சைக் கற்பூரமும் மிளகளவுக்கு மேல் வேண்டாம். அவசரத்துக்கு இது இல்லையென்று அதைப் போடாதீர்கள். இல்லையென்றால் இல்லாமலேயே விடுங்கள். துளசி போட்டால் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை.

ஜாதிக்காயை முழுசாக வாங்குங்கள். கையில் கனமாக இருக்க வேண்டும். ஊசியால் குத்தினால் எண்ணெய் கசிய வேண்டும். ஓட்டோடு வாங்கினால் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே விதை கடகடவென்று ஆடினால் நன்றாகக் காய்ந்தது. பொத்தல் இருந்தாலோ பூஞ்சை மணம் அடித்தாலோ திருப்பிக் கொடுங்கள். பூஞ்சை பிடித்த காயில் ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கலாம். "ஹோமத்துக்குத்தானே, எரியப்போறதுதானே" என்று சொத்தைக் காயைத் தள்ளிவிடுகிற கடைகள் உண்டு. பொட்டலத்தில் வரும் சரக்கு என்றால் உணவுப் பாதுகாப்பு உரிம எண், 14 இலக்கம், அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் "பூஜைக்கு மட்டும்" என்று இருந்தால் அதை வாயில் வைக்கும் எதிலும் சேர்க்காதீர்கள்.

நம் கும்பாபிஷேகத்துக்கு நான் செய்யப்போவது மூன்று காரியம். உங்கள் சம்மதம் வேண்டும்.

ஒன்று, பட்டியலில் எந்தப் பொருளையும் சுருக்கி எழுத மாட்டேன். ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் உளியால் கல்லில் வெட்டியவர்களே ஏலவரிசி என்று முழுசாக வெட்டியிருக்கிறார்கள். பேனாவால் எழுதும் எனக்கு என்ன கஷ்டம்?

இரண்டு, அஷ்டபந்தனச் சரக்கை நாம் வாங்கப்போவதில்லை. மருந்து இடிக்க வருபவர்களே நேராக வாங்கி நேராகக் கோயிலுக்குக் கொண்டு வந்துவிடுவார்கள். அந்தப் பையும் தீர்த்தப் பையும் ஒரே அறையில் இருக்காது. மருந்து இடித்த உரல், தட்டு எதையும் மடப்பள்ளிக்குக் கொண்டுபோகக் கூடாது என்று குருக்களிடமும் பேசிவிட்டேன். அவருக்கும் சம்மதம்.

மூன்று, தீர்த்தப் பொடி அரைக்கும் அன்று நகரிலிருந்து இரண்டு பேர் வந்து ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து முகர்ந்து பார்க்க வேண்டும். பெண்கள் வந்தால் நல்லது. ஜலதோஷம் இருப்பவர்கள் அன்றைக்கு வேண்டாம். இதைச் சொன்னதும் என் மனைவி, "முதல் பேரு என் பேரை எழுதிக்குங்க, உங்க மூக்கை நம்ப முடியாது" என்று சொல்லிவிட்டாள். இன்னும் ஒருவர் தேவை. விருப்பம் உள்ளவர்கள் செயலாளரிடம் சொல்லலாம்.

கேள்வி கேட்ட நண்பருக்கு நன்றி. அவர் கேட்டிருக்காவிட்டால் இந்தக் கதையை நான் வெளியே சொல்லியிருக்க மாட்டேன், வெட்கப்பட்டு மறைத்திருப்பேன். கும்பாபிஷேகத்தன்று தீர்த்தம் வாங்கும்போது உள்ளங்கையை ஒரு நொடி மூக்கருகே கொண்டுபோங்கள். ஏலத்துக்கும் லவங்கத்துக்கும் பின்னால், லேசாக, கொஞ்சம் இனிப்பாக ஒரு மணம் வரும். அதுதான் ஜாதிக்காய். 100 கிராம் கணக்கு அங்கே நேர் ஆகிவிடும்.